இரு கரையிலும் ஒரே புதைபடிவம்: அது மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அவலோனியா என்ற பழங்காலச் சிறு கண்டத்தைப் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை கண்டு மகிழ்ந்தோம். வேல்ஸ், தெற்கு இங்கிலாந்து, பெல்ஜியம், கனடாவின் நோவா ஸ்கோஷியா, கிழக்கு நியூஃபவுண்ட்லாந்து எல்லாம் ஒரு காலத்தில் ஒரே நிலத்துண்டின் பகுதிகள் என்று தமிழில் படிக்கக் கிடைப்பது அரிது. ஆனால் "இரு கரையிலும் ஒரே புதைபடிவம், ஆகவே நிலம் ஒட்டியிருந்தது" என்று கட்டுரை முடித்துவிட்டது. அங்கேதான் இடிக்கிறது.

அந்த உயிரி எப்படி வாழ்ந்தது என்பதே முதல் கேள்வி. கிராப்டோலைட்டுகள் (கூட்டமாக வாழ்ந்து அழிந்துபோன சிறு உயிரிகள்) பெரும்பாலும் கடலில் மிதந்து திரிந்தவை. பாறையின் வயதைச் சொல்வதில் அவற்றுக்கு நிகரில்லை. கண்டம் எங்கே இருந்தது என்று கேட்டால் அவற்றால் அதிகம் உதவி இல்லை. ஆழ்கடல் ட்ரைலோபைட்டுகளும் (அழிந்துபோன, ஓடுள்ள கணுக்காலிகள்) அப்படித்தான், குளிர்ந்த ஆழம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இடத்தைக் காட்டிக்கொடுப்பவை ஆழமற்ற கரையோரக் கடலின் தரையில் வாழ்ந்தவை. நெசூரெட்டஸ் என்ற ட்ரைலோபைட் கோண்டுவானா என்ற பழைய தெற்குப் பெருங்கண்டத்தின் குளிர்ந்த கரையோரங்களுக்கு உரியது. சுமார் 48 கோடி ஆண்டுப் பழைய வேல்ஸ் பாறைகளில் அது கிடைப்பதால்தான் அவலோனியாவை அன்று கோண்டுவானாவின் அருகே வைக்கிறோம்.

பாறையின் காந்தத்தை அளந்தால் போதாதா என்று கேட்கலாம். பாறையில் பதிந்த காந்தம் கிடைமட்டத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணமே காந்தச் சாய்வு. அதன் டான்ஜென்ட்டில் பாதிதான், பாறை உருவான இடத்தின் அட்சரேகையின் டான்ஜென்ட். சாய்வு 75 டிகிரி என்றால் அட்சரேகை சுமார் 62. தீர்க்கரேகையைப் பற்றி அந்தக் கணக்கு வாயே திறக்காது. பிற்காலத்தில் பாறை சூடேறியிருந்தால் பழைய காந்தப் பதிவும் அழிந்துபோகும். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று சொல்லப் புதைபடிவங்கள்தான் வேண்டும்.

ஒற்றுமையை எண்ணிப் பார்ப்பதிலும் வழுக்கல் உண்டு. ஓரிடத்தில் 12 பேரினங்கள், இன்னோரிடத்தில் 60, பொதுவானவை 9 என்று வைத்துக்கொள்வோம். பொதுவானவற்றைச் சிறிய பட்டியலால் வகுத்தால் 0.75. இரண்டு பட்டியல்களையும் சேர்த்த மொத்தமான 63-ஆல் வகுத்தால் 0.14. கற்கள் ஒன்றே, விடை இரண்டு. எந்த வாய்பாடு, எத்தனை மாதிரி என்று சொல்லாத ஒற்றுமைக் கணக்கை நம்புவதற்கில்லை.

அதற்கும் முன்னால் பெயரே தவறாக இருக்கலாம். வேல்ஸ் ஸ்லேட் பாறை நசுங்கியது. அங்குள்ள ஆஞ்சலினா ட்ரைலோபைட்டுகளைப் பாருங்கள்: நசுங்கிய திசைக்கு நேராகக் கிடந்தது குட்டையாக அகன்றிருக்கும், குறுக்கே கிடந்தது நீண்டு மெலிந்திருக்கும், சாய்வாகக் கிடந்தது ஒருபக்கமாகக் கோணியிருக்கும். இனம் ஒன்றுதான். கவனிக்காதவர் மூன்று பெயர் எழுதிவிடுவார், பட்டியல் வீங்கிவிடும்.

காலநிலையும் ஏமாற்றும். சுமார் 44.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி குளிர்ந்தபோது ஹிர்னான்ஷியா என்ற பிராக்கியோபாட் (இரட்டை ஓடுள்ள கடல் உயிரி) கூட்டம் பல கண்டங்களில் பரவியது. கண்டங்கள் நெருங்கியதால் அல்ல, அவற்றுக்கு ஏற்ற குளிர்ந்த நீர் பெருகியதால்.

நம்பத்தக்கது உயிரிகள் கடந்த வரிசை. அவலோனியாவுக்கும் பழைய வட அமெரிக்கக் கண்டத்துக்கும் இடையே இருந்த இயாபெட்டஸ் கடல் குறுகக் குறுக, மிதப்பவை முதலில் இரு கரையிலும் ஒன்றாயின. அடுத்து, மிதக்கும் லார்வா கொண்ட ட்ரைலோபைட்டுகளும் பிராக்கியோபாட்டுகளும். லார்வா மிதக்காத கடல்தரை ஆஸ்ட்ரகோட்டுகள் (இரட்டை ஓட்டுக்குள் வாழும் மிகச் சிறிய கணுக்காலிகள்) பின்தங்கின. எல்லாவற்றுக்கும் கடைசியில் நன்னீர் மீன்கள்.

நியூஃபவுண்ட்லாந்தின் மேற்கே ஒலெனெல்லஸ், கிழக்கே பாரடாக்சைடிஸ். ஒரே தீவில், இயாபெட்டஸின் இரண்டு எதிர்க்கரைகளுக்கு உரிய கேம்ப்ரியன் கால ட்ரைலோபைட்டுகள். அட்லாண்டிக் ஒருமுறை மூடித் திறந்ததா என்று கனடாவின் புவியியலாளர் டூசோ வில்சன் 1966-இல் கேட்டபோது, இத்தகைய விலங்கின வேறுபாடுகளே அவர் கையில் இருந்த முக்கியச் சான்று. அடுத்த முறை அவலோனியாவின் வரைபடம் அச்சிடும்போது, அது எந்த வயதுக்குரியது என்பதையும், இருப்பிடம் எந்தப் புதைபடிவங்களை வைத்துக் குறிக்கப்பட்டது என்பதையும் படத்தின் கீழே ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தொல்லுயிரியல் கற்பிக்கும் வாசகர்கள்