பிராக் நகரத்துத் தாத்தாவுக்கு ஒரு நன்றி

மூன்று நாள் விடுமுறையில் அம்மாவை செக் நாட்டின் தலைநகரான பிராக் கூட்டிப் போயிருந்தேன். 1357-ல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலம், 1410-லிருந்து இருக்கும் வானியல் கடிகாரம் எல்லாம் முதல் நாளே பார்த்தாயிற்று. (கடிகாரத்துக்கு முன்னால் அரை மணி நேரம் கழுத்து வலிக்க நின்றோம். மணியடிக்கும்போது எட்டிப் பார்க்கும் பொம்மைகள் ஒரு நிமிஷத்தில் உள்ளே போய்விட்டன!)

மறுநாள் மேட்டின்மேல் இருக்கும் பிராக் கோட்டை. மாலோஸ்ட்ரான்ஸ்கா மெட்ரோ நிலையத்துப் பக்கத்தில் படிக்கட்டைப் பார்த்ததுமே அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நீ போய்ட்டு வாப்பா, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றார். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்கறிப் பையோடு வந்த ஒரு பெரியவர் நின்றார். எனக்கு செக் மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் வராது. அம்மாவின் காலைக் காட்டினார், படியைக் காட்டி 'வேண்டாம்' என்று தலையாட்டினார். பிறகு எங்களை டிராம் நிறுத்தத்துக்கே அழைத்துப் போனார். 22-ம் எண் வண்டி. கூடவே ஏறி, என் கையிலிருந்த டிக்கெட்டுகளை வாங்கி மஞ்சள் பெட்டியில் செருகி நேரம் பதித்துக் கொடுத்தார். அது செய்யாவிட்டால் டிக்கெட் செல்லாது, அபராதம்தான். எனக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு விரலைக் காட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கினால் கோட்டை வாசலுக்குச் சமதளமான பாதை. 1344-ல் தொடங்கி 1929-ல் முடிந்த புனித விட்டஸ் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிகளுக்குக் கீழே அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

பெயர்கூடக் கேட்கவில்லை தாத்தா. ரொம்ப நன்றி. உங்கள் மொழியிலேயே சொன்னால், தெக்குயி!