கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் எங்கள் மயிலைப் பசுவை வாங்கிப்போன அண்ணாவுக்கு

வணக்கம் அண்ணா.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிய தரகருக்கும் தெரியவில்லை. "தஞ்சாவூர்ப் பக்கம், வீட்டுப் பாலுக்கு மாடு தேடி வந்தவர்" என்பதோடு சரி. நீலச் சட்டை, கையில் புதுக் கயிறு. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். அப்பா பல்லைக் காட்டினார், சுழியைக் காட்டினார், ஆறு மாதச் சினை என்றார். சந்தையில் சொல்ல வேண்டியது அதுதான். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். யார் கண்ணிலாவது பட்டு உங்களிடம் வந்து சேரட்டும்.

முதலில் தீனி. நெல் வைக்கோலை மயிலை இதுவரை தின்றதில்லை. மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு மானாவாரிச் சோளம்தான். புரட்டாசி ஐப்பசியில் விதைத்து, தையில் தட்டு (கதிர் எடுத்த சோளத் தண்டு) அறுத்து, போராகக் குவித்து வைத்தால் அடுத்த மழை வரைக்கும் அதுதான் கணக்கு. இந்தச் சித்திரையில் போரை அளந்து பார்த்தார் அப்பா. இரண்டு மாட்டுக்குத்தான் வரும். கட்டுத்தரையில் மூன்று நின்றன. மாட்டில் குறை இருந்து விற்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். (ஒரு குறை இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.) வைக்கோலை முகர்ந்துவிட்டுத் தள்ளினால் தவிட்டுத் தண்ணீரைத் தெளித்து வையுங்கள், நாலைந்து நாளில் பழகிவிடும்.

அப்புறம், அதைப் பகலெல்லாம் கட்டிப்போட்டு வளர்க்கவில்லை. எங்களுக்குக் கொரங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள். காலையில் படலைத் திறந்துவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். சித்திரை வைகாசியில் புல் காய்ந்து தரையோடு கிடக்கும்போது வெள்வேலங்காய் உதிரும். உச்சிவெயிலில் மற்ற மாடுகள் நிழலுக்குப் படுக்கும். மயிலை காய்க்காகக் காற்றடிக்கும் மரமாகப் பார்த்து நிற்கும். உங்கள் ஊரில் மரத்தடியில் அண்ணாந்து நின்றால் நோய் என்று பயந்துவிடாதீர்கள்.

கோடை மழை பெய்து, முளைத்த சோளம் முழங்கால் உயரத்தில் வெயிலுக்கு வாடி நிற்குமே, அதில் மட்டும் வாய் வைக்க விடாதீர்கள். இளஞ்சோளம் வாடினால் விஷம். மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் கிடாரி ஒன்று பக்கத்துச் சோளக் காட்டில் புகுந்து பத்து வாய்தான் கடித்திருக்கும். மருத்துவர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. உங்களிடம் சோளம் இருக்காது என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

உங்களுக்கு ஆடி என்றால் ஆற்றில் தண்ணீர். எங்களுக்குக் காற்று. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற காற்று தாராபுரம் வரை தகரத்தைப் பெயர்க்கும். காற்றாலைக்காரர்களுக்குச் சந்தோஷம், எங்கள் கொட்டகைக்குத் துன்பம். அந்த மாதம் முழுக்க மயிலை காற்றுக்கு முதுகைக் காட்டியே நிற்கும். காற்றில்லாத இடத்தில் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று எனக்கு ஒரே யோசனை.

ஆடிக் கடைசியிலோ ஆவணி முதலிலோ கன்று போடும். தாய் சாம்பல் நிறம் என்றாலும் கன்று சிவப்பாக இருக்கும். "ஏமாற்றிக் கலப்பு மாட்டை விற்றுவிட்டார்கள்" என்று தரகரைத் தேடிப் போகாதீர்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலைதான், ஆறு மாதத்துக்குள் நிறம் மாறும். பாலும் நிறைய எதிர்பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர், புல் நன்றாக இருந்தால் மூன்று. அதுவும் கன்றை முதலில் ஊட்டவிட்டால்தான் மடி சுரக்கும். எங்கள் பக்கத்து ஜமீன் குடும்பமான பழையகோட்டைப் பட்டக்காரர்கள் காலத்திலிருந்து ஏருக்கும் வண்டிக்கும் காளை வேண்டுமென்றே பார்த்துப் பார்த்து வளர்த்த இனம் இது. பாலை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

ஐப்பசி மழைதான் எங்களுக்கு வருடப்பிறப்பு. முதல் மழையில் புல் தலைகாட்டியதும் படலைக் கட்டிவிடுவோம். புல் வளர்ந்து விதை பிடிக்கும் வரை காட்டுக்குள் விடுவதில்லை. அவசரப்பட்டால் அடுத்த வருடம் புல்லே இராது. மயிலை படலுக்கு இந்தப்புறம் நின்று கத்தும். அப்பா காதில் வாங்கமாட்டார். 2016இல் அந்த மழையே இல்லை. மாநிலம் முழுக்க வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்த வருடம் அது. அடுத்த கோடையில் ஆறு உருப்படியை விற்று, மயிலையின் தாய் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். அதற்கு அம்மா வேப்பந்தழை ஒடித்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பக்கம் ஐப்பசியில் சிக்கல் வேறு. வாய்க்கால் ஓரம் நத்தை இருக்கிற இடத்துப் புல்லில் ஈரல் தட்டைப்புழு வரும் என்பார்கள். வறண்ட காட்டில் வளர்ந்த மாடு, அதை அறியாது. மருத்துவரைக் கேட்டு மருந்து கொடுங்கள். கோமாரித் தடுப்பூசியையும் விடாதீர்கள்.

மாட்டுப் பொங்கலை எங்கள் ஊரில் பட்டிப் பொங்கல் என்போம். தரையில் சின்னதாகத் தெப்பம் வெட்டித் தண்ணீர் நிரப்பி மாட்டைத் தாண்ட வைப்போம். "பட்டி பெருக, பால்பானை பொங்க" என்று கத்துவோம். மயிலை ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு நிற்கும்.

சரி, அந்தக் குறை. இடது பின்காம்பு கொஞ்சம் கெட்டி. போன ஈத்தில் மடி வீங்கிச் சரியானது. அதைக் கடைசியாக, மெதுவாகக் கறக்க வேண்டும். விலை இறங்கிவிடுமோ என்று அப்பா வாயைத் திறக்கவில்லை. நானும் பக்கத்தில் நின்றுகொண்டு சும்மா இருந்தேன். அதற்கு எவ்வளவு குறைத்திருப்பீர்களோ, தையில் இந்தப் பக்கம் வந்தால் அந்தக் கணக்குக்குச் சோளத்தட்டு ஏற்றிக்கொண்டு போங்கள். இந்த வருடம் மழை பெய்தால்.