ஓய்வு நேரத்தில் எடுக்கும் வகுப்பல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் தீவிர சிகிச்சை மருத்துவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 27 வருடம் அந்த வேலையைப் பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருப்பவள் நான். கட்டுரையில் ‘வென்டிலேட்டர்’ ஏழு இடத்தில் வருகிறது, ‘அதிசயம்’ நான்கு இடத்தில். நாங்கள் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி மட்டும் கடைசிப் பத்தியில் ஒரே வரி: ‘ஓய்வு நேரத்தில் மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறார்கள்.’ அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும். நான்கு வயதுக் குழந்தை, மூன்றாம் நாள் காய்ச்சல். ஜூனியர் வந்து, “மேடம், பி.பி. நார்மல். வார்டிலேயே வெச்சுப் பார்க்கலாமா?” என்றார். “காலைத் தொட்டுப் பார்த்தியாப்பா?” என்று கேட்டேன். பதில் இல்லை. இரண்டு பேரும் போனோம். பாதம் சில்லென்றிருந்தது, அந்தக் குளிர் முழங்கால் வரை ஏறியிருந்தது. நெஞ்செலும்பின் மேல் விரலை வைத்து ஐந்து நொடி அழுத்தி எடுக்கச் சொன்னேன். வெளுத்த இடத்தில் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். அவர் ஐந்து வரை எண்ணிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

குழந்தையின் உடம்பு இரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகமாக அடிக்க வைத்து, பி.பி.யைக் கடைசி வரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அது விழுந்த பிறகு நம் கையில் நேரம் அதிகம் இருக்காது. பலகையில் எழுதிப் போட்டால் மாணவர்கள் இதைத் தேர்வில் அழகாக எழுதிவிடுவார்கள். ஆனால் விரலுக்குத் தெரிவது கட்டில் ஓரத்தில்தான், பெரும்பாலும் ராத்திரியில்தான். அந்தக் குழந்தைக்கு வென்டிலேட்டர் தேவைப்படவே இல்லை. அதனால் உங்கள் கட்டுரையில் அதற்கு இடமும் இருந்திருக்காது!

வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்துவதில்லை, நுரையீரல் தேறும்வரை அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். இந்தத் துறையின் தொடக்கக் கதையில் அந்த இயந்திரம்கூட மாணவர்களின் கைதான். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளுக்குப் போதிய கருவிகள் இல்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்துக் காட்டினார். அப்புறம் ஏறக்குறைய 1,500 மாணவர்கள் ஷிப்ட் போட்டு, மாதக்கணக்கில், இரவும் பகலும் பை அமுக்கினார்கள். அவர்களுக்கு யாரோ நின்று சொல்லிக்கொடுத்திருக்க வேண்டுமில்லையா? அது ஓய்வு நேர வகுப்பா?

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோரும் பேராசிரியர்கள் அல்ல. பயிற்சியில் இருந்தபோது ஒரு மருந்துச் சீட்டில் 1.0 மில்லிகிராம் என்று எழுதினேன். புள்ளி மங்கி, பார்ப்பவர்களுக்கு 10 என்று தெரிந்தது. ராத்திரி டியூட்டி சிஸ்டர் சீட்டோடு வந்து, “டாக்டர், இதுக்கு அஞ்சு ஆம்பியூல் உடைக்கணுமே, இத்துனூண்டு குழந்தைக்கா?” என்று கேட்டார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போடாதே, அரை என்றால் 0.5 என்று முன்னால் பூஜ்யம் போட மறக்காதே. இந்தப் பாடத்தை ஒவ்வொரு வருடமும் முதல் நாள் வகுப்பில் என் தப்பைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

சொல்லிக்கொடுத்ததைத் திரும்பப் பெறுவதும் இந்த வேலைதான். இரத்த ஓட்டம் குறைந்த குழந்தை என்றால் கிலோவுக்கு 20 மில்லி டிரிப்பை வேகமாக ஏற்று, தேவைப்பட்டால் மறுபடி ஏற்று என்று வருடக்கணக்கில் அடித்துச் சொன்னவள் நான். 2011-இல் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. கடும் காய்ச்சலோடு இரத்த ஓட்டம் குறைந்து வந்த குழந்தைகள் அவர்கள். தீவிர சிகிச்சை வசதி இல்லாத மருத்துவமனைகள். டிரிப்பை வேகமாக ஏற்றியவர்களில் 48 மணி நேரத்துக்குள் சுமார் 10.5 சதவீதம் பேர் இறந்தார்கள், அப்படி ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தைகள் அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது வேறு கணக்கு. அந்த வாரம் வகுப்பில் நின்று, “போன வருஷம் நான் சொன்னதை அப்படியே எல்லாக் குழந்தைக்கும் செய்யாதீங்க” என்று சொன்னபோது பின்வரிசையில் ஒருவர், “அப்போ இதுவரைக்கும் செஞ்சது, மேடம்?” என்று கேட்டார். எனக்கு இன்றைக்கும் அதற்குச் சரியான பதில் தெரியாது.

நான் வேலை பார்த்த இடங்களில் டியூட்டிப் பட்டியலில் கற்பித்தலுக்கு ஒரு கட்டம்கூட இருந்ததில்லை. மூச்சு கொடுக்கத் தொண்டைக்குள் குழாய் போட்டால் பதிவேட்டில் ஏறும். அதைப் போட ஒருவருக்குப் பத்துத் தடவை பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தால் ஏறாது. சம்பளம், பதவி உயர்வு எல்லாம் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான். இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளிடம், மருத்துவப் படிப்பு, குழந்தை மருத்துவம், அதற்கு மேல் சிறப்புப் பயிற்சி என்று பத்து வருடத்துக்கு மேல் ஆகும் என்று கட்டுரை சொல்வது சரி. ஆனால் வேலையில் பாதி வாத்தியார் வேலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது பிடிக்காதவர்கள் வேறு துறை பார்க்கலாம்.

கடைசியாக ஒரு உதவி. குழந்தை அமைதியாக இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது ஆகும்வரை 50, அதற்கு மேல் ஐந்து வயதுவரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கூடவே மார்பின் கீழ்ப்பகுதி உள்ளே இழுத்துக்கொண்டால் அரை மணிகூடக் காத்திருக்கக் கூடாது. கடிதத்துக்கு இடம் போதவில்லை என்றால் மேலே உள்ளதையெல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள். இந்தப் பத்தியை மட்டும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழந்தைகள் தீவிர சிகிச்சை மருத்துவர்