வீட்டுக்கும் ஒரு ரிலீவர் வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனாலும் சந்தோஷம் வர மாட்டேங்குதும்மா, அடுத்த ரெண்டு நாளை நினைச்சா ஆபீஸே தேவலாம்னு இருக்கு" என்று எழுதியிருந்தாய். போனில் பேசினால் "எல்லாம் சரியாப் போயிடும்பா" என்று சொல்லி வைத்துவிடுவேன். இது அப்படிச் சொல்லி வைக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் கடிதம்.

உன் சனி, ஞாயிறை நீ சொன்ன வரிசையிலேயே யோசித்துப் பார்த்தேன். பெரியவளை வகுப்பில் விட்டு, அது முடிவதற்குள் வாரச் சாமான் வாங்கி, வந்து துணியைப் போட்டு எடுத்து, பிளம்பர் வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு வீட்டில் காத்திருந்து, சின்னவனைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போய், கட்ட வேண்டிய பில்களைக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சீருடை தேய்த்துப் பை அடுக்கும்போது திங்கட்கிழமை வந்துவிடுகிறது. நடுவில் அலுவலகத்திலிருந்து "ஒரே நிமிஷம்" என்று ஒரு செய்தி வேறு. இதில் எதைத் தள்ளலாம் என்று பார்த்தேன். எதையும் தள்ள முடியாது. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஐந்து நாள் தேங்கிய வேலை இரண்டு நாளில்தான் வந்து விழும். உங்களுக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று நீயோ மருமகளோ ஒரு நாளும் நினைக்க வேண்டாம். இருக்கிற நேரத்தைவிட வேலை அதிகம், அவ்வளவுதான்.

ஆனால் நீ எழுதியதில் ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. "எல்லாத்தையும் முடிச்சிட்டு உட்காரலாம்னு பார்க்கிறேன், முடிய மாட்டேங்குது" என்றாய். அதைத்தான் பேச வேண்டும்.

அம்மா வேலை பார்த்தது ஆலையின் டைம் ஆபீஸில் என்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தேன் என்று உனக்கு விளக்கமாகச் சொன்னதில்லை. யாருக்கு எந்த ஷிஃப்ட், யாருக்கு என்றைக்கு வீக்லி ஆஃப், ஆஃப் நாளில் வந்து உழைத்தவருக்கு என்றைக்கு காம்ப் ஆஃப் என்று மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து எழுதுவதுதான் என் பிழைப்பு. மூன்று ஷிஃப்ட் ஓடும் ஆலையில் வேலை முடிந்தது என்று யாரும் வீட்டுக்குப் போவதில்லை. மெஷின் நிற்காதே, வேலை எங்கே முடிவது? ரிலீவர் வருவார், பொறுப்பை வாங்கிக்கொள்வார், இவர் கிளம்புவார். ரிலீவர் வராத அன்று இவர் அடுத்த ஷிஃப்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட்டையே பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

வீடும் அப்படித்தான் கண்ணு, நிற்காமல் ஓடும். பாத்திரம் கழுவி முடித்தால் அடுத்த வேளைச் சமையல் வரும், துணி மடித்து முடித்தால் அழுக்குக் கூடை நிறையும். முடித்துவிட்டு உட்காரலாம் என்று காத்திருப்பவர் உட்காரவே மாட்டார். ஆள் மாற வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவின் மூத்தவர் ஒருவர் வார விடுமுறையின் கதையை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வெறும் பதிவேடு எழுதுகிறோம் என்று நினைக்காதே, இதற்காக மனிதர்கள் தெருவில் இறங்கியிருக்கிறார்கள் என்பார். 1817-ல் ராபர்ட் ஓவன் என்ற ஆலை முதலாளியே எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் பொழுதுபோக்கு, எட்டு மணி நேரம் ஓய்வு என்று ஒரு கணக்கை முன்வைத்தார். 1856-ல் மெல்போர்ன் நகரத்துக் கல்தச்சர்கள் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு ஊர்வலம் போய், எட்டு மணி நேர வேலையை வாங்கினார்கள். 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று ஆலை வேலைக்கு வரம்பு கட்டியது. 1921-ல் அதே அமைப்பு வார ஓய்வுக்கென்றே தனி உடன்படிக்கை கொண்டுவந்தது. ஏழு நாளுக்குள் 24 மணி நேரம், அதுவும் தொடர்ச்சியாக. இங்கே கால் மணி, அங்கே அரை மணி என்று கூட்டிக் கணக்குக் காட்ட முடியாது. 1948-ல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் ஓய்வை உரிமை என்றே 24-வது பிரிவில் எழுதிவிட்டது. ஓய்வெடுத்தால் ஏதோ திருடுகிற மாதிரி உனக்கு இருக்கிறது என்றாயே, அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். நீ யாரிடமிருந்தும் எதையும் எடுக்கவில்லை.

ஓவன் போட்ட கணக்கை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். மூன்று எட்டும் சேர்ந்தால் நாள் சரியாக முடிந்துவிடுகிறது. சமைப்பதும் துவைப்பதும் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டு நடப்பதும் இதில் எந்த எட்டில் வரும்? எதிலும் வராது. அந்த வேலையை வீட்டில் யாரோ செய்துகொண்டே இருப்பார்கள் என்று உலகம் எடுத்துக்கொண்டது. 2018-ல் அதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட அறிக்கைப்படி, உலகம் முழுவதும் சம்பளமில்லாத பராமரிப்பு வேலைக்குச் செலவாகும் நேரத்தில் 76.2 சதவீதம் பெண்களுடையது. அவர்கள் பெயர் எந்த மஸ்டர் ரோலிலும் இல்லை, அதனால் அவர்களுக்கு வீக்லி ஆஃப் போட யாரும் இல்லை. நீ களைத்துப்போயிருக்கிறாய், எனக்குப் புரிகிறது. மருமகள் அதைவிடக் களைத்திருப்பாள் என்பதையும் மனதில் வை.

இப்போது நீ கேட்பாய், நான்தான் எல்லாவற்றிலும் கூடமாட நிற்கிறேனேம்மா என்று. நிற்கிறாய், பார்த்திருக்கிறேன், பெருமையாக இருந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனி. ஆலையில் ரிலீவர் வந்தவுடன் இவர் கிளம்பிவிட மாட்டார். எந்த மெஷினில் என்ன சத்தம் வருகிறது, எது பாதியில் நிற்கிறது, அடுத்த ஒரு மணி நேரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, லாக் புக்கில் எழுதி, சார்ஜ் ஒப்படைத்துவிட்டுத்தான் போவார். போன பிறகு யாரும் அவரைக் கூப்பிட்டு "அந்த ஸ்பேனர் எங்கே?" என்று கேட்பதில்லை. வீட்டில் நடப்பது அப்படியா? "நீ படு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பால் பாட்டில் எங்கே, எத்தனை மணிக்குத் தூங்க வைக்கணும், எந்தச் சட்டை போடணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தால், படுத்திருப்பவள் படுத்துக்கொண்டே வேலை பார்க்கிறாள்.

அலிசன் டேமிங்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2019-ல் இந்த மூளை வேலையை நான்காகப் பிரித்துக் காட்டினார். ஒரு தேவை வரப்போகிறது என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கு என்னென்ன வழி என்று தேடுவது, முடிவெடுப்பது, அது நடந்ததா என்று கண்காணிப்பது. அவர் பேசிய தம்பதிகளில் முடிவெடுக்கும்போது இருவரும் சேர்ந்து இருந்தார்கள். முதல் படியும் கடைசிப் படியும் பெரும்பாலும் பெண் தலையில் இருந்தன. தடுப்பூசிக்குச் சின்னவனைத் தூக்கிக்கொண்டு போனது நீ. அது இந்த மாதம் என்று ஞாபகம் வைத்திருந்தது யார்? சண்டைக்குக் கேட்கவில்லை தம்பி. யோசித்துப் பார், அவ்வளவுதான்.

நம் வீட்டில் என் ரிலீவர் உன் அப்பாதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம், அறைக் கதவு சாத்தியிருக்கும், ஞாபகம் இருக்கிறதா? கதவைச் சாத்துவதற்கு முன்பு அப்பா என்னிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். யாருக்கு மருந்து, எத்தனை மணிக்கு, மாலையில் யார் வருகிறார்கள், அடுப்பில் ஏதாவது இருக்கிறதா. அதன் பிறகு வீடே தலைகீழானாலும் தட்ட மாட்டார். நீதான் கதவில் வாயை வைத்து "அம்மா" என்பாய். "அம்மாவுக்கு இன்னிக்கு வீக்லி ஆஃப்டா" என்று உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒரு தடவை நீ, "எனக்கு எப்போ வீக்லி ஆஃப்?" என்று கேட்டுவிட்டாய். அப்பா யோசிக்காமல் "உனக்கு தினமும்டா" என்றார். பிள்ளைகள் இதைக் கேட்டு வாடிப்போக மாட்டார்கள். அம்மாவும் அப்பாவும் களைத்துப்போகிற மனிதர்கள் என்று தெரிந்து வளர்வது அவர்களுக்கு நல்லதுதான்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் பெரும்பாலும் தூங்கியதில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன், சில சமயம் பழைய வாரப் பத்திரிகை ஒன்று மடியில் இருக்கும், புரட்டாமல். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. அப்பாவுக்கு அப்படி இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர். அவருக்கு ஓய்வென்றால் காலாற நடக்க வேண்டும், தனியாக. அவருடைய நேரம் சனிக்கிழமை விடியற்காலை, அப்போது ரிலீவர் நான். உடம்பால் உழைத்தவருக்கு உட்காருவது ஓய்வு, திரையைப் பார்த்தே உட்கார்ந்திருப்பவருக்கு எழுந்து போவது ஓய்வு. நீ உன் ஓய்வு நேரத்திலும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று மருமகள் சொன்னாள். அது உன் கண்ணுக்கும் மூளைக்கும் இன்னொரு ஷிஃப்ட். பிரான்சில் 2017-லிருந்து வேலை நேரத்துக்குப் பிறகு அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. உன் அலுவலகத்தில் அப்படி ஒன்று இல்லையென்றால், அந்த ஒரு மணி நேரமாவது போன் வேறு அறையில் கிடக்கட்டும்.

தூக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க ஐந்து மணி, ஆறு மணி நேரம் தூங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை படுத்துச் சரிக்கட்டலாம் என்று பார்க்கிறாய். ஷிஃப்ட் ஆட்களுக்காக ஆலைக்கு வந்துபோன மருத்துவர் இதைத் திரும்பத் திரும்ப எச்சரிப்பார். எழும் நேரம் தள்ளிப்போனால் உடம்புக்குள் ஓடும் கடிகாரமும் தள்ளிப்போகிறது. அன்றிரவு படுத்தால் தூக்கம் வராது, திங்கட்கிழமை காலையில் வேறு நாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியவன் மாதிரி எழுந்திருப்பாய். ஜெர்மனியில் டில் ரோனபெர்க் குழுவினர் 2006-ல் இதற்கு 'சோஷியல் ஜெட்லாக்' என்றே பெயர் வைத்தார்கள். பெரியவர்களுக்குத் தினமும் ஏழு மணி நேரமாவது வேண்டும். அதை வார நாளில் அரை மணி அரை மணியாக முன்னாலேயே படுத்துத்தான் சேர்க்க வேண்டும். ஞாயிறு மதியம் கண் அயர்ந்தால் இருபது நிமிடம் போதும். அதைத் தாண்டி ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய் நடுவில் எழுந்தால் தலை கனத்துப்போய் சாயங்காலமே வீணாகும்.

என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா தனியாகப் பிள்ளைகளை வளர்த்தார். வீட்டில் ரிலீவர் இல்லை. அவரும் இன்னொரு தோழியும் ஒரு வாரம் இவர் வீட்டில் எல்லாப் பிள்ளைகளும், மறு வாரம் அவர் வீட்டில் என்று மாற்றிக்கொண்டார்கள். உங்களைப் பார்க்க யாருமில்லாத ஊர் என்று நீ சொல்வதால் இதை எழுதுகிறேன். பெரியவளின் வகுப்புத் தோழி வீட்டிலும் இதே சனிக்கிழமைதான் நடந்துகொண்டிருக்கும். கேட்டுப் பார், உன்னைவிட அவர்கள் சந்தோஷப்படுவார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை பிள்ளைகள் தூங்கிய பிறகு இரண்டு பேரும் உட்காருங்கள். வாரக் கடைசியின் வேலைகளை எழுதுவதற்கு முன்னால் இரண்டு ஓய்வு நேரங்களை எழுதுங்கள், பெயர் போட்டு. முதலில் அவள் பெயர். மீதி வேலைகளைச் சுற்றி அடுக்குங்கள்; அடுக்கியும் இடம் கிடைக்காத வேலை அடுத்த வாரம் போகட்டும். யாராவது ஒருவருடைய நேரம் ஏதோ காரணத்தால் போய்விட்டால் காம்ப் ஆஃப் அந்த வாரத்துக்குள்ளேயே கொடுத்துவிட வேண்டும், சேர்த்துவைக்கக் கூடாது. சேர்த்துவைத்த காம்ப் ஆஃபை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. நான் ஞாயிறு மதியம்தான் உனக்குப் போன் செய்கிறேன், பிள்ளைகள் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு. அது உங்கள் இருவருக்கும் கையில் கிடைக்கிற நல்ல நேரம். இனி புதன்கிழமை இரவு கூப்பிடுகிறேன், அப்பாவும் அப்போது வீட்டில் இருப்பார். பெரியவளிடம் சொல்லிவிடு, ஞாயிற்றுக்கிழமை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கப் போகிறாள்.

அன்புடன்,
அம்மா