தொடக்ககாலப் பேசும் படங்களைப் புறந்தள்ள வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஹாலிவுட் வரலாறு குறித்து வெளியான கட்டுரை, 1927 முதல் 1931 வரையிலான பேசும் படங்களை ஒரே பத்தியில் கடந்து சென்றிருக்கிறது. கேமரா நகர முடியாமல் போனது, நடிகர்கள் மைக்கைச் சுற்றி நின்று வசனம் ஒப்பித்தார்கள், மௌனப் படம் எட்டியிருந்த உயரம் சரிந்தது, கீச்சுக்குரலால் ஜான் கில்பர்ட் போன்ற நட்சத்திரங்கள் வீழ்ந்தார்கள் என்பதே அப்பத்தியின் சாரம். அந்தக் காலத்துப் படங்களைப் பல ஆண்டுகளாகத் தேடிப் பார்த்துவரும் ரசிகன் என்ற முறையில், இந்தச் சித்திரத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒலியை எப்படிக் கையாள்வது என்று எவருக்கும் விதி வகுக்கப்படாதிருந்த அந்தச் சில ஆண்டுகளில்தான், ஒலியை ஒரு கலைக் கருவியாகக் கண்ட துணிச்சலான படங்கள் சில எடுக்கப்பட்டன என்பது என் உறுதியான கருத்து.

கட்டுரையாளர் சொல்வதில் உண்மையான பகுதியும் உண்டு. வார்னர் நிறுவனத்தின் வைட்டாஃபோன் முறையில் ஒலி படச்சுருளில் பதியப்படவில்லை. நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் 16 அங்குல இசைத்தட்டில் பதியப்பட்டது. ஒரு ரீலுக்கு ஒரு தட்டு, அதாவது ஏறத்தாழ 11 நிமிடம். தட்டில் பதிந்த ஒலியை வெட்டி ஒட்ட இயலாது என்பதால், ஒரு காட்சி முழுவதையும் தொடர்ந்து நடிக்கவைத்துப் பல கேமராக்களால் ஒரே நேரத்தில் படம்பிடிக்க வேண்டியிருந்தது. கேமராவின் இரைச்சல் மைக்கில் விழாதிருக்க, அதை ஒளிப்பதிவாளரோடு சேர்த்து ஒலிபுகாத அறைக்குள் அடைத்தார்கள். கரி வில்விளக்குகளின் ரீங்காரத்துக்கு அஞ்சி அவற்றுக்குப் பதில் இழைவிளக்குகளைக் கொண்டுவந்தார்கள். 1927 அக்டோபர் 6 அன்று வெளியான 'தி ஜாஸ் சிங்கர்' பெரும்பகுதி மௌனப் படமே. ஆல் ஜோல்சனின் பாடல்களும், ஒன்றிரண்டு இடங்களில் வரும் பேச்சும்தான் அதில் ஒலித்தன. முழுவதும் பேசிய முதல் நெடும்படம் 1928 ஜூலையில் வந்த 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்'. அதைப் பார்க்கும் எவரும், பாத்திரங்கள் மைக் இருக்கும் இடத்துக்கு வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக இடைவெளி விட்டுப் பேசுவதைக் காணலாம். மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படம் பத்து லட்சம் டாலருக்கும் மேல் ஈட்டியது என்பதால், பிற நிறுவனங்களும் அதே வழியில் அவசரமாக இறங்கின. அந்த அவசரத்தில் பிறந்த படங்களுக்கு நான் வாதாட வரவில்லை.

ஆனால் அந்த விறைப்பு எவ்வளவு காலம் நீடித்தது என்று கட்டுரையாளர் கேட்டுக்கொள்ளவில்லை. ஃபாக்ஸ் நிறுவனத்தின் மூவிடோன் முறையில் ஒலி, படச்சுருளின் ஓரத்திலேயே ஒளிவடிவில் பதியப்பட்டது. எனவே வெட்டவும் ஒட்டவும் முடிந்தது, ஒலிப்பதிவு வண்டியை வெளிப்புறத்துக்கு ஓட்டிச் செல்லவும் முடிந்தது. 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்' வெளிவந்து ஓராண்டு முடிவதற்குள்ளேயே, 'இன் ஓல்ட் அரிசோனா'வில் திறந்தவெளியின் ஓசைகளை மக்கள் திரையரங்கில் கேட்டுவிட்டார்கள். 1929ஆம் ஆண்டு முடிவதற்குள் ரூபன் மமூலியன் இயக்கிய முதல் படமான 'அப்ளாஸ்' வந்தது.

அந்த 'அப்ளாஸ்' பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன், ஏனெனில் என் வாதத்தின் பெரும்பகுதி அதிலேயே அடங்கியிருக்கிறது. டிஃப்லிஸில் (இன்றைய ஜார்ஜியா நாட்டின் திபிலிசி) பிறந்து, நியூயார்க் நாடக மேடையில் பெயர் பெற்றிருந்த மமூலியனை, வசனம் சொல்லித்தரத் தெரிந்தவர் என்பதற்காகவே பாரமவுண்ட் நிறுவனம் அழைத்தது. அவரோ நாடகத்தைப் படம்பிடிக்க மறுத்தார். இளமை கழிந்துகொண்டிருக்கும் மலிவான மேடைப் பாடகியாக ஹெலன் மார்கன் நடித்த அந்தப் படத்தில், கன்னிமாடத்துப் பள்ளியிலிருந்து திரும்பி வந்த மகள் படுக்கையில் கிசுகிசுவென்று பிரார்த்தனை சொல்ல, தாய் அவளுக்குத் தாலாட்டுப் பாடும் காட்சி ஒன்று உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும், ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடக் கூடாது. ஒரே மைக்கில் இது நடவாது என்று ஒலிப்பதிவாளர்கள் கைவிரித்தபோது, பாட்டுக்கு ஒன்று, பிரார்த்தனைக்கு ஒன்று என இரண்டு மைக்குகளில் தனித்தனியே பதிந்து பிறகு இணைக்கலாம் என்று வாதாடி, அதைச் செய்தும் காட்டினார். கேமராவும் அந்தக் காட்சியில் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மகளின் நம்பிக்கை ஓர் ஒலியாகவும் தாயின் வாழ்க்கை மற்றோர் ஒலியாகவும் ஒரே அறைக்குள் கலக்கும்போது, இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு வசனம்கூட இல்லாமல் நாம் உணர்ந்துவிடுகிறோம். மௌனப் படத்தின் எந்த மேதையாலும் இந்தக் காட்சியை இந்த விதத்தில் எடுத்திருக்க முடியாது. பேசும் படத்தால் சினிமா பின்னோக்கிப் போனது என்பவர்கள், முதலில் இந்தக் காட்சிக்கு விடை சொல்ல வேண்டும்.

அதே 1929இல் கிங் விடோர், கறுப்பின நடிகர்களை மட்டுமே கொண்டு 'ஹல்லேலூயா'வை எடுத்தார். தன் ஊதியத்தையே முதலீடாக வைக்க அவர் முன்வந்த பிறகுதான் எம்.ஜி.எம். நிறுவனம் சம்மதித்தது. டென்னசியிலும் ஆர்கன்சாவிலும் மௌனப் படம் போலவே படம்பிடித்து, ஹாலிவுட்டுக்குத் திரும்பிய பிறகு ஒலியைச் சேர்த்தார்கள். கறுப்பின மக்களை எளிய உணர்ச்சிகளின் உருவங்களாகக் காட்டும் அக்காலத்துப் பார்வை அந்தப் படத்தில் இருக்கிறது. அதை மறைத்து நான் புகழப் போவதில்லை. ஆயினும், இறுதியில் சதுப்புநிலத்தில் ஒருவனை மற்றொருவன் துரத்திச் செல்லும் காட்சியில் பின்னணி இசை கிடையாது. சேற்றில் கால் புதையும் ஓசை, சுள்ளி முறியும் ஓசை, மூச்சிரைப்பு, எங்கோ ஒரு பறவை, இவ்வளவுதான். ஓடுகிறவனுக்கு என்ன நேரப்போகிறது என்பதை நம் செவியே முதலில் அறிந்துகொள்கிறது. இன்றைய படங்களில் துரத்தல் காட்சி என்றாலே செவிப்பறை கிழிய முரசு அதிர்வதைக் கேட்டுப் பழகியவர்கள், இந்தச் சில நிமிடங்களைப் பார்த்தே ஆக வேண்டும்.

பின்னணி இசை இல்லாமை அந்தக் காலப் படங்களின் பெருங்குறை என்று பலரும் எழுதுகிறார்கள். வசனத்தையும் இசையையும் கலந்து பதிவது கடினமாக இருந்தது என்பதும், வாத்தியக்காரர் கண்ணில் படாமல் இசை எங்கிருந்து வருகிறது என்று பார்வையாளர் குழம்புவார்களோ என்று தயாரிப்பாளர்கள் தயங்கினார்கள் என்பதும் அதற்கான காரணங்கள். காரணம் எதுவாயினும், விளைவு பல படங்களுக்கு நன்மையாகவே முடிந்தது. 1931இல் வந்த 'டிராகுலா'வில் தொடக்க எழுத்துகளுக்கும் இசையரங்கக் காட்சிக்கும் அப்பால் ஏறத்தாழ இசையே இல்லை. கதவு கிறீச்சிடுவதும் ஓநாய் ஊளையிடுவதும் அதனால்தான் இன்றும் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கின்றன. 1933இல் 'கிங் காங்'குக்கு மேக்ஸ் ஸ்டைனர் இசையமைத்த பிறகு நிலைமை மாறியது. ஸ்டைனரின் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் அதன்பின் எல்லா உணர்ச்சிகளுக்கும் இசையே விளக்கவுரை எழுதத் தொடங்கியதில், மௌனத்தை நம்பும் துணிவு குறைந்துபோனது என்றே கருதுகிறேன்.

எர்ன்ஸ்ட் லூபிட்சின் 'மான்டே கார்லோ'வில் ரயிலின் சக்கர ஓசையே தாளமாகி, ஜீனெட் மெக்டொனால்டின் பாட்டோடு வயல்வெளியில் உழைப்பவர்களின் குரலும் சேர்ந்துகொள்ளும் காட்சியையும், லூயிஸ் மைல்ஸ்டோன் போர்க்களக் காட்சிகளை ஒலிக் கருவிகளின் தளையின்றிப் படம்பிடித்துப் பின்னர் குண்டோசையைச் சேர்த்த 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' படத்தையும் பெயரளவில் குறிப்பிட்டு நிறுத்துகிறேன். இரண்டும் 1930ஆம் ஆண்டுப் படங்கள். கேமரா நகரவில்லை என்ற பேச்சுக்கு இவற்றில் இடமே இல்லை.

இவ்வளவு சான்றுகள் இருந்தும் பழைய கதையே ஏன் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது? 1952இல் வந்த 'சிங்கின் இன் தி ரெயின்' அதற்கு ஒரு முக்கியக் காரணம். மறைத்து வைத்த மைக், உதட்டசைவோடு ஒட்டாத குரல் என அதில் வரும் நகைச்சுவைகள் உண்மை நிகழ்வுகளிலிருந்து எடுக்கப்பட்டவையே. படமும் மிகச் சிறந்த படமே. ஆனால் ஓர் இசைச்சித்திரத்தின் வேடிக்கையை வரலாற்றுப் பாடமாகக் கொள்வது முறையல்ல.

ஜான் கில்பர்ட் பற்றிய கதையும் இப்படித்தான் பரவியது. அவருடைய குரல் கீச்சுக்குரல் அன்று. 1929இல் வந்த 'ஹிஸ் குளோரியஸ் நைட்' படத்தில் பார்வையாளர்கள் சிரித்தது, அவர் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்த காதல் மொழிகளைக் கேட்டுத்தான். மௌனப் படத்தில் வசன அட்டையில் படித்து மனத்துக்குள் நிரப்பிக்கொண்ட சொற்களை, ஒருவர் உரத்துச் சொல்லக் கேட்கையில் கூச்சம் பிறந்தது. பழி வசனத்துக்கும் அதை அப்படியே வைத்துக்கொண்டவர்களுக்கும் சேர வேண்டியது. தானே கதை எழுதி நடித்த 'டவுன்ஸ்டேர்ஸ்' என்ற 1932ஆம் ஆண்டுப் படத்திலும், மறு ஆண்டு மமூலியன் இயக்கத்தில் கிரேட்டா கார்போவுடன் நடித்த 'குயீன் கிறிஸ்டினா'விலும் அவர் பேசுவதைக் கேட்டால் எவருக்கும் ஐயம் தீரும். 38 வயதில் மறைந்துவிட்ட அந்தக் கலைஞருக்கு இறந்த பின்னும் இந்த அவப்பெயர் தொடர்வது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

பேசும் படத்தின் வரவால் உண்மையில் வீழ்ந்தவர்கள் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. மௌனப் படங்களுக்குத் திரையரங்குகளில் வாசித்துவந்த ஆயிரக்கணக்கான இசைக்கலைஞர்கள் மிகக் குறுகிய காலத்தில் வேலையிழந்தார்கள். அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பு நாளேடுகளில் விளம்பரம் கொடுத்துப் போராடியும் பயனில்லாமல் போயிற்று. ஒரு நட்சத்திரத்தின் குரலைப் பற்றிய வதந்திக்குக் கிடைத்த இடத்தில் பாதியாவது இவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

அந்தக் காலப் படங்களைக் காண்பது அரிது என்று கட்டுரையாளர் கூறுவது ஓரளவு சரியே. ஒலி தட்டிலும் படம் சுருளிலும் பிரிந்திருந்ததால், பல வைட்டாஃபோன் படங்களில் ஒன்று கிடைத்து மற்றொன்று அழிந்தது. 'கோல்டு டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே'யின் ஒலி முழுவதும் இருக்கிறது. வண்ணத்தில் எடுக்கப்பட்ட அதன் காட்சிகளில் கடைசிச் சில ரீல்களைத் தவிர ஏனையவை இல்லை. அமெரிக்காவில் 1991இல் தொடங்கப்பட்ட வைட்டாஃபோன் புராஜெக்ட் போன்ற ஆர்வலர் முயற்சிகளால், தனித்துக் கிடந்த தட்டுகள் பல அவற்றுக்குரிய படச்சுருள்களோடு மீண்டும் இணைக்கப்பட்டுவருகின்றன. மேலும், 1929ஆம் ஆண்டுப் படங்கள் 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பதிப்புரிமைக் காலம் முடிந்து பொதுவுடைமையாகிவிட்டதால், 'அப்ளாஸ்', 'ஹல்லேலூயா' ஆகியவற்றைக் காண்பதும் காட்டுவதும் முன்பைவிட எளிதாகியிருக்கிறது.

எனவே ஆசிரியர் அவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உள்ளன. அந்தத் தொடரின் அடுத்தடுத்த பகுதிகளில் 1929, 1930ஆம் ஆண்டுப் படங்களுக்குத் தனிக் கட்டுரை ஒன்று ஒதுக்கி, படங்களை நேரில் பார்த்தவர் ஒருவரைக்கொண்டு எழுதச் செய்ய வேண்டும். ஜான் கில்பர்ட்டின் குரல் பற்றிய வரிக்கு, அது வெளியான அதே பக்கத்தில் திருத்தம் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.