‘ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள்’ என்று மக்களை மிரட்ட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தேர்வுக் கட்டணம், சொத்து வரி, சான்றிதழ் விண்ணப்பம் என எதை இணையத்தில் முடிக்கப் போனாலும், பட்டனை அழுத்தியதும் சுழலும் வட்டத்துடன் ஒரு வரி வருகிறது: “தயவுசெய்து காத்திருக்கவும். ரிஃப்ரெஷ் செய்யாதீர்கள், பேக் பட்டனை அழுத்தாதீர்கள்.” மக்கள் இதை ஒரு விதியாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். உண்மையில் இது செயலியை எழுதியவர்கள் முடிக்காமல் விட்ட வேலை. முடிப்பதற்குப் பெரிய செலவும் ஆகாது.

பட்டனை அழுத்தியதும் பிரவுசர் கோரிக்கையை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை இணைப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆவணத்தைச் சரிபார்த்து, இன்னொரு துறையின் சர்வரிடம் விவரம் கேட்டு, பிடிஎஃப் தயாரித்து முடிக்க 90 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்ப வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள், யாரும் அமைப்பை மாற்றாதவரை, உள்ளிருந்து 60 வினாடி எதுவும் வராவிட்டால் இணைப்பை முறித்து, ‘உரிய நேரத்தில் பதில் வரவில்லை’ என்னும் 504 பிழையைக் காட்டிவிடும். ஆனால் உள்ளே ஓடும் வேலை பெரும்பாலும் நிற்பதில்லை. அது முடிந்து டேட்டாபேஸிலும் ஏறிவிடும். திரையில் தோல்வி, பதிவேட்டில் வெற்றி. பயந்துபோனவர் மறுபடி அழுத்துவார். இரண்டாவது விண்ணப்பம், இரண்டாவது கட்டணம்.

பணம் என்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. யுபிஐ வழியே ஒரு நிறுவனத்துக்குச் செலுத்திய பணம் கணக்கில் பிடிக்கப்பட்டு, அங்கே உறுதி போய்ச் சேராவிட்டால், 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் இரண்டு முறையும் பணம் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தால் வங்கியின் கணக்கில் தோல்வி என்று ஒன்றுமே இல்லை. இந்த விதி அங்கே கைகொடுக்காது. பணம் வாங்கிய துறைக்கு மனு எழுதிக் காத்திருக்க வேண்டியதுதான்.

புகார்கள் வந்ததும் பலர் முதலில் செய்வது 60 வினாடியை 300 ஆக உயர்த்துவது. இது நோயை வளர்க்கும் மருந்து. சர்வரில் ஆளுக்கு ஒரு கோரிக்கையை மட்டும் கவனிக்கும் 40 செயல்முறைகள் இருந்து, ஒவ்வொரு கோரிக்கையும் 80 வினாடி பிடித்தால், நிமிடத்துக்கு 30 பேருக்கு மேல் உள்ளே விட முடியாது. கடைசித் தேதி மாலையில் முகப்புப் பக்கம்கூடத் திறக்காமல் போவதற்கு இதுவே காரணமாகிறது.

சரியான வழி, வங்கியில் டோக்கன் கொடுப்பது போன்றது. கோரிக்கை வந்ததும் பதிவு செய், எண் கொடு, உடனே பதில் சொல். கனமான வேலையை வரிசையில் போட்டுத் தனிச் செயல்முறை செய்யட்டும். ரெடிஸ், ரேபிட்எம்கியூ போன்ற இலவச மென்பொருட்களே இதற்குப் போதும். பிரவுசருக்கு ‘வேறு பக்கத்தைப் பார்’ என்று பொருள்படும் 303 என்ற பதிலைக் கொடுத்து, அந்த எண்ணுக்குரிய நிலைப் பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். இதில்தான் விஷயமே இருக்கிறது: அந்தப் பக்கத்தில் எத்தனை முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் நிலையைக் கேட்பது மட்டுமே நடக்கும், விண்ணப்பம் மறுபடி போகாது. முகவரியில் வரும் எண் 1001, 1002 என்று வரிசையாக இருக்கக் கூடாது. ஓர் இலக்கத்தை மாற்றி அடுத்தவர் சான்றிதழைப் பார்த்துவிடலாம். ஊகிக்க முடியாத நீண்ட எண்ணாக இருக்க வேண்டும், உள்நுழைந்தவருக்கு உரியதுதானா என்றும் சரிபார்க்க வேண்டும்.

இரட்டைப் பதிவைத் தடுக்க, அழுத்தியதும் பட்டனை மங்கலாக்குவது போதாது. பட்டன் மங்கியிருந்தாலும் நெட்வொர்க் அறுந்தவர் பக்கத்தை மீண்டும் திறந்து அனுப்புவார். படிவத்தைக் காட்டும்போதே ஒரு தனி எண்ணை உருவாக்கி அதில் மறைத்து வைத்து, டேட்டாபேஸில் அந்த எண் ஒரு முறைக்கு மேல் ஏறாதபடி கட்டுப்பாடு போட வேண்டும். புதிதாகத் திறந்த படிவத்தில் வேறு எண் இருக்கும் என்பதால், அப்போது “உங்கள் முந்தைய விண்ணப்பம் நடைபெறுகிறது” என்று காட்டிப் பழைய நிலைப் பக்கத்துக்கே அனுப்ப வேண்டும்.

நிலைப் பக்கத்தையும் அளவோடுதான் கேட்க விட வேண்டும். 2,000 பேர் 5 வினாடிக்கு ஒரு முறை கேட்டால் வினாடிக்கு 400 கோரிக்கைகள். எனவே அந்தப் பதில் சில எழுத்துகளில் முடிய வேண்டும். பெரிய அட்டவணைகளைத் துழாவக் கூடாது. முதலில் 3 வினாடி, பிறகு 5, பிறகு 10 என்று இடைவெளியைக் கூட்டி, எல்லோரும் ஒரே கணத்தில் வந்து மோதாமல் கொஞ்சம் முன்பின்னாக்க வேண்டும்.

இணையதளங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியில் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கனமான வேலையை அதே கோரிக்கையில் ஓடவிட்டு, பக்கத்திலேயே நிலையைக் கேட்கும் இன்னொரு கோரிக்கையை அனுப்புவார்கள். உள்நுழைந்தவரைப் பற்றிய தற்காலிகக் குறிப்பான செஷன் ஒரு கோப்பில் சேமிக்கப்படுகிறது; அதை முதல் கோரிக்கை பூட்டி வைத்திருப்பதால், இரண்டாவது அது முடியும்வரை வாசலிலேயே நிற்கும். 0 சதவீதத்திலேயே நின்று திடீரென 100 ஆகும் முன்னேற்றப் பட்டைகளுக்குப் பல நேரம் இதுதான் காரணம். தேவையானதைப் படித்ததும் செஷனை எழுதி மூடினால் சரியாகிவிடும்.

செல்போனில் ஓடிபி பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பினால், நினைவகம் குறைந்த போன்களில் பக்கம் புதிதாகத் திறக்கிறது. “பக்கத்தை விட்டு வெளியேறாதீர்கள்” என்பது இங்கே நடக்கவே முடியாத கட்டளை. நிலை சர்வரில் இருந்தால் திரும்பி வந்தவர் விட்ட இடத்திலேயே இருப்பார்.

பக்கத்தில் என்ன எழுதுவது என்பதும் முக்கியம். பொய்யான சதவீதம் வேண்டாம். “ஆவணம் சரிபார்க்கப்படுகிறது”, “சான்றிதழ் தயாராகிறது” என்று நடப்பதைச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தை மூடலாம் என்றும், எண்ணைக் கொண்டு பிறகு பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள். பக்கத்தை பிரவுசரிலேயே இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடாத இடத்தில் மட்டும் 10 வினாடிக்கு ஒரு முறை தானே புதுப்பிக்கும் மெட்டா குறியைச் சேர்க்கலாம். எல்லோருக்கும் வைத்தால், திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்றவர்களுக்கு வாசிப்பு திரும்பத் திரும்ப முதல் வரியிலிருந்து தொடங்கும்.

இடையில் செயல்முறை செத்துப்போனால் “நடைபெறுகிறது” என்ற வரி என்றென்றும் நிற்கும். வேலை செய்யும் செயல்முறை 10 வினாடிக்கு ஒரு முறை நேரத்தைப் பதிய வேண்டும். ஒரு நிமிடம் பதிவில்லை என்றால் தடைப்பட்டதாகக் கொள்ள வேண்டும். கட்டணம் சம்பந்தப்பட்டதாக இருந்தால், மறுபடி ஓட்டும் முன், பணத்தை வாங்கித் தரும் கட்டண நுழைவாயில் (பேமெண்ட் கேட்வே) சேவையிடம் அந்தப் பரிவர்த்தனையின் நிலையைக் கேட்டே தீர வேண்டும்.

துறைகள் ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே இதற்கான சோதனைகளை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பட்டனை இரு முறை அழுத்துவது, காத்திருக்கும்போது போனை ஃபிளைட் மோடில் போட்டு எடுப்பது, பேக் பட்டனை அழுத்தி மீண்டும் அனுப்புவது, பின்னணிச் செயல்முறையை நடுவில் நிறுத்துவது. நான்கிலும் ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம், ஒரே ரசீது என்று வந்த பிறகே இறுதித் தவணையை விடுவிக்கட்டும்.

இப்படிக்கு,
இணையச் செயலி உருவாக்கும் பணியில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்