பிக்கப் வாங்குவதற்கு முன்: நண்பனுக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. மகன் மேற்படிப்புக்குப் புறப்பட்ட பிறகு வெறிச்சோடிப்போன அறையில், பரணில் கிடந்த கிதாரை இறக்கித் தூசி தட்டினாய் என்று படித்தபோது, விடுதியில் அதே கிதாரை இரவு பத்து மணிக்கு மேல் வாசித்துக் காப்பாளரிடம் நாம் இருவரும் வாங்கிக் கட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. இங்கே எல்லோரும் நலம். என் கிதார் இப்போது மகளின் கையில். இரவு எட்டு மணிக்கு மேல்தான் எனக்கு முறை வருகிறது. அந்தக் காத்திருப்பில்தான் இதை எழுதுகிறேன்.

உன் எலக்ட்ரிக் கிதாரில் தந்தியின் அதிர்வை மின்குறிகையாக மாற்றும் பிக்கப்கள் மூன்றையும் மாற்றப் போவதாகவும், பிரிட்ஜ் பக்கத்துக்கு, அதாவது தந்திகள் கிதாரின் உடலில் முடியும் பக்கத்துக்கு, 16 கிலோ ஓம் மின்தடை உள்ள ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். உன் குறைகள் மூன்று: கிதார் இரைகிறது, பிரிட்ஜ் பிக்கப் காதைக் கிழிக்கிறது, கழுத்தை ஒட்டிய நெக் பிக்கப் மந்தமாக இருக்கிறது. இவற்றில் முதல் இரண்டையும் சில நூறு ரூபாய்ச் செலவில் பெருமளவு தீர்த்துவிடலாம் என்றும், அந்த 16 கிலோ ஓம் பிக்கப் உன் மூன்றாவது குறையை மற்றப் பக்கத்துக்கும் பரப்பிவிடும் என்றும் நான் கருதுகிறேன். ஆகவே இப்போதைக்குப் பணத்தை அனுப்பிவிடாதே.

அந்த எண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதே எண்ணை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன், விவரக்குறிப்பில் மிக உயர்ந்த மின்தடை போட்டிருந்த செராமிக் காந்தம் வைத்த ஒரு ஹம்பக்கரை (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பை) வாங்கி, என் கிதாரின் பிரிட்ஜ் பக்கத்தில் பற்றவைத்தேன். வீட்டில் தனியாக வாசித்தபோது யானை பலம் வந்தது போலிருந்தது. நண்பர்களோடு சேர்ந்து வாசித்த அன்று, கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே என் கிதார் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. கமகத்தோடு ஒரு மத்யமத்தை அசைத்தால், அசைவின் விளிம்புகள் எல்லாம் கரைந்து ஒரே கூழாக வந்தது. அந்தப் பிக்கப் இன்று மேசை இழுப்பறையில் உறங்குகிறது. அதன் விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

நம் இயற்பியல் ஆசிரியர் ஃபாரடேயின் 1831ஆம் ஆண்டுச் சோதனையை எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பார்! பிக்கப் அதுவேதான். காந்தம் தன் மேலே ஓடும் எஃகுத் தந்தியைக் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது காந்தப்பாயம் மாறுகிறது. காந்தத்தைச் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான சுற்றுச் செப்புக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. உன் கிதார் நகலெடுத்திருக்கும், ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வகைப் பிக்கப்பில் 42ஆம் எண் கம்பி, அதாவது ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் தடிமனுள்ள, தலைமுடியோடு போட்டியிடும் கம்பி, எட்டாயிரம் சுற்றுக்குப் பக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். மல்டிமீட்டர் காட்டும் 6 கிலோ ஓம் என்பது அந்தக் கம்பியின் மின்தடை மட்டுமே. கம்பியை மெலிதாக்கினால், சுற்று ஒன்றுகூடக் கூடாமலேயே மின்தடை உயரும். 42ஆம் எண்ணுக்குப் பதிலாக 44ஆம் எண் கம்பியைப் போட்டால், அதே நீளத்துக்கு மின்தடை ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். இன்னொரு வேடிக்கையையும் சொல்கிறேன்: செப்பின் மின்தடை வெப்பத்தோடு ஏறுவதால், குளிரூட்டிய அறையில் 24 பாகையில் 6 கிலோ ஓம் காட்டும் பிக்கப், உங்கள் திருச்சியின் சித்திரை வெயிலில் 40 பாகைக்கு வந்தால் 6.4 காட்டும். வெயில் காலத்தில் உன் கிதார் கூடுதல் பலத்தோடு ஒலித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஒலியின் குணத்தை முடிவுசெய்வதில் பெரும்பங்கு வகிப்பது சுருளின் தூண்டல்திறனும், அதோடு சேரும் கேபிளின் மின்தேக்குத்திறனும்தான். இரண்டும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஒத்திசைந்து அங்கே ஒரு மேட்டை எழுப்புகின்றன. அந்த மேட்டுக்கு மேலே உள்ள ஒலியெல்லாம் சரிந்து மறைகிறது. பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்பின் தூண்டல்திறன் சுமார் 2.4 ஹென்றி. ஆறு மீட்டர்க் கேபிள், மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் வீதம் 600 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், மேடு 4,200 ஹெர்ட்ஸ் அருகே வரும். நீ பார்த்து வைத்திருப்பது போன்ற, மெல்லிய கம்பியை மிகுதியாகச் சுற்றிய ஹம்பக்கரில் தூண்டல்திறன் 8 ஹென்றி அளவுக்குப் போகும். அதே கேபிளில் அதன் மேடு 2,300 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஒலி தடிக்கும், ஆம்பில் (ஒலிபெருக்கியில்) ஒலி சீக்கிரம் உடைந்து கரகரக்கும், ராக் இசைக்கு அது வேண்டியதுதான். லேரி டிமார்சியோ 1972இல் 'சூப்பர் டிஸ்டார்ஷன்' பிக்கப்பைக் கொண்டுவந்தபோது நோக்கமே அதுதான்: செராமிக் காந்தமும் கூடுதல் சுற்றும் சேர்ந்து, வால்வு ஆம்பின் முகப்பை மிகைவிசையால் நிறைப்பது. ஆனால் நீ எழுதியிருப்பதோ, காலையில் மாயாமாளவகௌளையும் மாலையில் எண்பதுகளின் திரைப்பாடல்களும் வாசிக்கிறேன் என்று. உனக்கு வேண்டியது உடையும் ஒலியன்று, உடையாமல் நிற்கும் ஒலி.

இந்தக் கணக்கில் கேபிளும் ஒரு பங்காளி என்பதைக் கவனித்தாயா? கல்லூரி நாள்களில் வாங்கிய அந்தச் சுருள் கேபிளைத்தான் இன்னமும் பயன்படுத்துகிறாய் என்றால், அதை ஒரு மூன்று மீட்டர் நல்ல கேபிளாக மாற்றிப் பார். நெக் பிக்கப்பின் மந்தம் அங்கேயே பாதி விலகக்கூடும்.

இனி இரைச்சல். 'மின்சாரம் சரியில்லை' என்று எழுதியிருக்கிறாய். நான் உன் மின்விசிறியைச் சந்தேகிக்கிறேன். உன்னுடையது போன்ற ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப் ஒரு நல்ல ஆன்டெனாவும்கூட. டியூப்லைட்டின் சோக், ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் இவற்றின் காந்தப்புலத்தை அது முணுமுணுப்பாகப் பிடிக்கும்; எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் மின்னலையை வெட்டி வெட்டி அனுப்புவதால் எழும் கரகரப்பையும் பிடிக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டோ முழு வேகத்தில் வைத்தோ கேட்டுப் பார். கரகரப்பு போய்விட்டால் குற்றவாளி அகப்பட்டான். கிதாரின் உட்குழியில் செப்புத் தாள் ஒட்டி அதை எர்த்தோடு இணைத்தால் இந்தக் கரகரப்பு நன்றாகக் குறையும்; ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் முணுமுணுப்பைச் செப்புத்தாள் தடுக்காது. அதற்கு இரட்டைச் சுருள்தான் மருந்து. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரின் தத்துவம் எளிமையானது: இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தந்தியின் ஓசை மட்டும் கூடிக்கொள்ளும். அதன் மூடிக்கு ஜெர்மன் சில்வரைப் பயன்படுத்தினார்கள். நம் வீட்டுக் கல்யாணச் சீரில் வந்ததே, வெள்ளி துளியும் இல்லாத வெள்ளி, அதே கலவைதான். பித்தளையாக இருந்தால் மூடியில் எழும் சுழல் மின்னோட்டம் உச்ச ஒலிகளை விழுங்கிவிடும்.

உன் கிதாரில் நடுப் பிக்கப் எதிர்ச் சுற்றும் எதிர் முனையும் கொண்டதா என்று பார்க்க வேண்டும். பின்னாளில் பல ஸ்ட்ராட் வகைக் கிதார்களில் அப்படித்தான் வைத்தார்கள். அப்போது, பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சில் இரண்டு பிக்கப்கள் சேர்ந்து ஒலிக்கும் இரண்டாம், நான்காம் இடங்களில் இரைச்சல் தானாகவே அடங்கும். அந்த இடங்களுக்கே ஒரு கதை உண்டு. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது மூன்று இடச் சுவிட்சுதான் இருந்தது. வாசிப்பவர்கள் அதை இடையில் நிறுத்தி இரண்டு பிக்கப்களின் கூட்டொலியைக் கண்டுபிடித்தார்கள். 1977இல்தான் ஃபெண்டர் ஐந்து இடச் சுவிட்சைக் கொடுத்தது. ஒரு சிறிய திசைகாட்டியை மூன்று பிக்கப்களின் மேலும் பிடித்துப் பார். நடுவில் மட்டும் முள் மறுபக்கம் திரும்பினால் நல்ல அறிகுறி.

காதைக் கிழிக்கும் பிரிட்ஜ் பிக்கப்புக்கு வருகிறேன். பழைய முறை ஸ்ட்ராட் வயரிங்கில் டோன் கன்ட்ரோல் இரண்டும் நெக்குக்கும் நடுப் பிக்கப்புக்கும்தான். பிரிட்ஜுக்கு எதுவுமே கிடையாது. எந்தப் பிக்கப் தந்தியின் முனையை ஒட்டி, கூர்மையான ஓசை மட்டும் மிகும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ, அதற்குத்தான் கடிவாளம் இல்லை! சுவிட்சில் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்தால், இரண்டாம் டோன் கன்ட்ரோல் பிரிட்ஜுக்கும் வேலை செய்யும். பத்து நிமிட வேலை. திறந்தது திறந்தாய், வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் அச்சிட்டிருக்கும் மதிப்பையும் படி. சிங்கிள் காயிலுக்கு வழக்கமாக 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. உன்னுடையதில் 500 இருந்தால், காதைக் கிழிக்கும் அந்தக் கூர்மைக்கு அதுவும் ஒரு காரணம். மீட்டரை வைத்து அளக்காதே. பிக்கப் குறுக்கே இணைந்திருப்பதால் தவறான எண் காட்டும்.

இத்தனையும் செய்த பிறகும் மனம் ஆறவில்லை என்றால், மாற்றுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் கிதார் மலிவான நகல் என்பதால், அதில் இருப்பவை பெரும்பாலும் எஃகுத் தண்டுகளுக்கு அடியில் செராமிக் பட்டையை ஒட்டிய பிக்கப்களாக இருக்கும். பிக்கப்களைத் தாங்கும் தகடான பிக்கார்டைத் திருப்பினாலே தெரியும். எஃகு உட்கரு தூண்டல்திறனை உயர்த்திவிடுகிறது. அதனால்தான், உன் மீட்டரில் 5.9 கிலோ ஓம் என்று அசல் ஸ்ட்ராட் பிக்கப்பின் எண்ணே வந்தும், நெக் ஒலி அசலைப் போல் மலரவில்லை. தண்டுகளே காந்தமாக இருக்கும் ஆல்நிகோ பிக்கப்களை வாங்கு. அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகிய மூன்றின் பெயர்களை ஒட்டிப் பெயர் பெற்ற அந்தக் கலவையில் ஐந்தாம் வகை வலியது, துலக்கமானது. இரண்டாம், மூன்றாம் வகைகள் வலு குறைந்தவை, தந்தியைக் குறைவாக இழுப்பவை. என் தேர்வு: நெக்கில் மூன்றாம் வகை அல்லது இரண்டாம் வகை, பிரிட்ஜில் சற்றே கூடுதலாகச் சுற்றிய ஐந்தாம் வகை, மின்தடை 7 கிலோ ஓமைத் தாண்டாமல். நடுப் பிக்கப் எதிர் முனையாக இருக்கட்டும்.

நெக்கில் வலு குறைந்த காந்தத்தைச் சொல்வதற்குக் காரணம் உன் கமகம். நாம் இளவயதில் வியந்து கேட்ட மாண்டலின் ஸ்ரீனிவாஸின் வாசிப்பை நினைத்துப் பார். ஒரே மீட்டில் பிறந்த ஓசை, விரல் பல சுரங்களைத் தொட்டுத் திரும்பும்வரை உயிரோடு நிற்க வேண்டும். மரபான மாண்டலினில் சீக்கிரம் சாகும் அந்த ஓசைக்கு மின் மாண்டலின் ஆயுள் கொடுத்தது. வலிய காந்தத்தைத் தந்திக்கு மிக அருகில் கொண்டுபோனால், அது தந்தியின் அசைவைப் பிடித்திழுத்து அந்த ஆயுளைக் குறைக்கும். தடித்த ஆறாம் தந்தியில் மேல் ஃப்ரெட்களில் (மெட்டுகளில்) சுருதியே தடுமாறும். ஃபெண்டர் கையேடு சொல்லும் அளவு இது: கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, தந்தியின் அடிப்பக்கத்திலிருந்து பிக்கப் தண்டின் தலைவரை, பழைய பாணிப் பிக்கப்புக்கு ஆறாம் தந்தியில் 2.4 மில்லிமீட்டர், முதல் தந்தியில் 2 மில்லிமீட்டர். இப்போதுள்ள செராமிக் பிக்கப்பை நீ தந்தியை உரசும் அளவுக்கு ஏற்றி வைத்திருக்கிறாய் என்று எழுதியிருந்தாயே, அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆல்நிகோ ஐந்து பொறுக்காது. நான் அந்த அளவிலிருந்தும் இன்னும் அரை மில்லிமீட்டர் தாழ்த்தித்தான் வைப்பேன்.

இரைச்சல் இல்லாத, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருள் அடுக்கிய சிங்கிள் காயில்களும் கிடைக்கின்றன. ஃபெண்டரும் டிமார்சியோவும் செய்கிறார்கள். மேடையில் வாசிப்பவனுக்கு அவற்றைச் சொல்வேன். வீட்டில் ஒரு மின்விசிறியை நிறுத்தத் தெரிந்தவனுக்கு அந்தக் கூடுதல் விலை எதற்கு? ஒன்பது வோல்ட் பேட்டரி கேட்கும் ஆக்டிவ் பிக்கப்கள் உனக்கு வேண்டவே வேண்டாம். கேபிளைக் கழற்ற மறந்து தூங்கிப்போகும் உன் வழக்கத்துக்குப் பேட்டரி வாங்கியே மாளாது.

ஒருவேளை பிரிட்ஜை மட்டும் மாற்றினால், பற்றவைத்த பிறகு சுவிட்சை இரண்டாம் இடத்தில் வைத்துக் கேள். ஒலி மெலிந்து மூக்கால் பாடுவது போலிருந்தால் இரண்டு பிக்கப்களும் எதிர்க்கட்டத்தில் இருக்கின்றன. புதியதன் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும். கன்ட்ரோலின் முதுகில் எர்த் கம்பியைப் பற்றவைக்கும்போது, முதலில் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, 40 வாட் சால்டரிங் அயர்னை வைத்துச் சட்டென்று முடித்துவிடு. 15 வாட் அயர்னை வைத்துக்கொண்டு நெடுநேரம் போராடினால் ஈயம் பிடிப்பதற்குள் உள்ளே இருக்கும் கார்பன் தடம் கருகிவிடும். எந்தக் கம்பியையும் கழற்றுவதற்கு முன் பழைய வயரிங்கைக் கைப்பேசியில் நான்கு கோணங்களில் படம் எடுத்துக்கொள்.

தீபாவளி விடுமுறைக்கு நான் திருச்சி வருகிறேன். அதற்குள் திசைகாட்டி என்ன காட்டியது, கன்ட்ரோலின் முதுகில் என்ன எண் இருந்தது, மின்விசிறியை நிறுத்தியபோது என்ன கேட்டது என்ற மூன்றையும் மட்டும் எழுதி அனுப்பு. செப்புத்தாளையும் அயர்னையும் நான் கொண்டுவருகிறேன். இழுப்பறையில் உறங்கும் அந்த ஹம்பக்கரையும் எடுத்து வருகிறேன். உன் கிதாரில் பொருந்தாது என்றாலும், இரண்டையும் மீட்டரில் வைத்துப் பார்க்கலாம்.

மகள் கிதாரைக் கீழே வைத்துவிட்டாள். என் முறை வந்துவிட்டது.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்.